மேட்டூர் முதல் கொடுமுடி வரை: காவிரிக்கரையில் சைக்கிள் மிதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே காவிரி நெருக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் மேட்டூர் அணையை 1934இல் கட்டி முடித்தார்கள். அந்த மலையிடுக்கை விட்டு வெளியே வரும் ஆறு நெருஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை, பவானி, ஈரோடு என்று இறங்கிக் கொடுமுடிக்குப் போகிறது. சைக்கிளுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கொங்கு நாட்டில் இதைவிட அழகான சைக்கிள் வழி எனக்குத் தெரியாது. பல வருடமாக மார்கழி, தை மாதங்களில் இங்கே மிதிக்கிறேன். கூட வரும் புதியவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதையும் பார்க்கிறேன். பெரும்பாலும் மேப்பில் கிலோமீட்டரை மட்டும் எண்ணிவிட்டுக் கிளம்புவதால் வருகிற தவறுகள் அவை. தண்ணீரையும் காற்றையும் வெயிலையும் விசாரித்துவிட்டுத்தான் இங்கே நாளைக் குறிக்க வேண்டும்.

பாறையைக் கண்டதும் ஆற்றில் இறங்குவது

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. மேட்டூருக்குக் கீழே ஆறு சும்மா ஓடுவதில்லை. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். கதவணைக்கு மேலே தண்ணீர் ஏரி போலத் தேங்கி நிற்கும். கீழே பாறை தெரியும், நடுவில் முழங்கால் அளவு ஓடும். வெயிலில் வந்தவனுக்கு அதைப் பார்த்தால் கால் நிற்காது.

ஒரு தடவை நாங்கள் மூன்று பேர் சைக்கிள்களைக் கரையில் சாய்த்துவிட்டு அப்படியொரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காலுக்குக் கீழே வெளுத்துக் கிடந்த பாறையின் ஓரம் மெல்லக் கறுத்தது. அலை தெறித்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்புக் கோடு ஒரு சாண் மேலே வந்திருந்தது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையை வீசிக் கத்தினார்: "ஏனுங்க, கரைக்கு வாங்க, தண்ணி வருதுங்க!" நாங்கள் வரும்போது தாண்டிய சிறு நீரோட்டத்தில் அதற்குள் தொடையளவு தண்ணீர். கைகோத்துக்கொண்டு கரையேறினோம். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் உட்கார்ந்த பாறை பாதி முங்கியிருந்தது. மேலே எங்கும் மழை இல்லை, வானம் தெளிவாக இருந்தது. கதவு திறந்தால் போதும்.

ஆகவே கதவணைக்குக் கீழே இறங்கவே வேண்டாம். குளிக்க ஆசையென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில் குளியுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அணையிலிருந்து வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று செய்தியில் பாருங்கள். நீர்மட்டம் முழு அளவான 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற வெள்ளத்தை அப்படியே கீழே விடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. 2018 ஆகஸ்டில் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது அப்படித்தான். அந்த மாதிரி வாரங்களில் இந்த வழியே வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு படகை நம்பித் திட்டம் போடுவது. நெருஞ்சிப்பேட்டைக்கும் எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்கும் விசைப்படகு ஓடுகிறது. சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். மலை பின்னால் நிற்க, தேங்கிய நீரில் அந்தப் பயணம் இந்த வழியின் மிக நல்ல கால் மணி நேரம். ஆனால் நீர்திறப்பு கூடினாலும், கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை வடித்தாலும் படகு நின்றுவிடும். முதல் நாளே விசாரியுங்கள்.

மெயின் ரோட்டிலேயே போவது

மேட்டூர்–பவானி ரோட்டில் லாரி அதிகம், ஆறும் பாதித் தூரம் கண்ணில் படாது. "ஆத்தோரம்னு சொன்னீங்க, ஆறு எங்கே?" என்று கேட்காத ஆள் இல்லை. ஊருக்குள் இடதுபுறம் இறங்கும் சந்துகளில் போய்ப் பார்த்துவிட்டு மேலே ஏறி வர வேண்டும். ஒவ்வொரு இறக்கமும் ஏற்றமாகத் திரும்பி வரும். அதனால் மேட்டூரிலிருந்து பவானிக்கு 50 கிலோமீட்டர்கூட இல்லையே என்று மூன்று மணி நேரம் ஒதுக்காதீர்கள். அரை நாள் கொடுங்கள்.

பவானிக்குத் தெற்கே காளிங்கராயன் வாய்க்கால் கரையைப் பிடித்தால் வேறு உலகம். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, 90 கிலோமீட்டர் நீளம், நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால். வாட்டம் அவ்வளவு மெதுவாக இறங்குவதால் காலுக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வாழை, கரும்பு. இங்கே செய்யும் தவறு வேகம். தை, மாசியில் அறுவடைக் களமே ரோடுதான். சோளத்தட்டும் கொள்ளும் தார்மேல் பரப்பிக் கிடக்கும், வண்டி ஏறி ஏறித்தான் அது உதிரும். காய்ந்த கொள்ளுக்கொடிமேல் கியர் சைக்கிளை விட்டால் கொடி பின்கியரில் சுற்றிச் செயினை இறுக்கிவிடும். மிதித்து விடுவிக்கப் பார்த்தால் கியரைத் தாங்கும் சின்னத் துண்டே வளையும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒருவருடைய வருட உழைப்பு என்பதும் அதற்கு ஒரு காரணம்.

முள்

நகரத்தில் ஓடும் மெல்லிய டயரோடு வருகிறார்கள். நெருஞ்சி முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே நிற்கும். டயரில் ஏறினால் சத்தமே வராது. டீக்கடையில் நிறுத்தித் திரும்ப ஏறும்போதுதான் ரிம் தரையில் இடிக்கும். வேலி வெட்டுகிற காலத்தில் கருவேல முள் வேறு. குறைந்தது 32 மில்லிமீட்டர் அகல டயர் போடுங்கள், இரண்டு டியூப் வையுங்கள். புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். பழைய முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டு, அடுத்த கிலோமீட்டரில் அதையும் இழந்தவர்கள் உண்டு.

உங்கள் டியூபில் பிரெஸ்டா வால்வு (தலையைத் திருகித் திறக்கும் மெல்லிய வால்வு) என்றால் ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் அதில் நிற்காது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வையுங்கள். விலை சொற்பம், இல்லாத நாளில்தான் அருமை தெரியும்.

காற்று, வெயில், காடு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, கொங்குச் சமவெளிக்குள் புகும். ஆனி, ஆடியில் அதன் வேகம் மிதித்தவர்களுக்குத் தெரியும். ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்குத் தென்கிழக்கே போகும்போது முதுகைத் தள்ளும், பறப்பது போல இருக்கும். "இதே வேகத்தில் திரும்பிவிடலாம்" என்பதுதான் கணக்குப் பிழை. இரண்டு மணி நேரத்தில் போனவர்கள் திரும்ப நான்கு மணி நேரம் தலையைக் குனிந்துகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் ஒருவழிப் பயணமாகவே வையுங்கள். கொடுமுடி ஈரோடு–கரூர் ரயில் பாதையில் இருக்கிறது. சைக்கிளை லக்கேஜாக ஏற்ற முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள், சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நிற்கும் நேரம் குறைவு.

பங்குனி, சித்திரையில் ஈரோடும் கரூர்ப் பக்கமும் 40 டிகிரியைத் தாண்டும். ஐந்தரைக்குக் கிளம்பி பதினோரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தசை இழுக்கும். உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ், இளநீர் மூன்றும் இந்த ரோட்டில் கிடைக்கும். பள்ளிபாளையம் சிக்கனை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றிடுக்கின் ருசி கண்டவர்கள் அடுத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹடா என்று பேச ஆரம்பிப்பார்கள். அது புலிகள் காப்பகக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் வெளியாட்கள் உள்ளே போகக் கூடாது, அனுமதி இருந்தாலும் அது சைக்கிளுக்கான இடம் இல்லை. சைக்கிளில் சத்தம் கிடையாது. நாம் வருவது யானைக்கும் தெரியாது, வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நிற்பது நமக்கும் தெரியாது. பர்கூர், திம்பம் மலை ரோடுகளிலும் அதிகாலை, அந்தி வேளைகளில் மிதிக்காதீர்கள்.

வழி கேட்கும்போது எவ்வளவு தூரம் என்று கேட்காமல், இன்னும் எத்தனை ஊர் தாண்ட வேண்டும் என்று கேளுங்கள். "பக்கந்தானுங் கண்ணு" என்று பெரியவர்கள் சொல்வது அன்பில், அது பத்து கிலோமீட்டராகக்கூட இருக்கும். ஊரின் பெயர் சொன்னால் அடுத்த டீக்கடையும் பஞ்சர் கடையும் எங்கே என்பதுவரை சொல்லி அனுப்புவார்கள்.