தோல் துண்டை வைத்துத் திமிங்கலத்தை அடையாளம் காண்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் பக்கம் ஒருமுறை திமிங்கலம் கரை ஒதுங்கியபோது, கூடி நின்றவர்கள் எல்லோரும் கேட்டது "இது எங்கேருந்து வந்துச்சு?" என்றுதான். வெயிலில் கருந்தோல் உரிந்து, நனைந்த காகிதம் போல மணலில் ஒட்டிக் கிடந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்தத் தோல்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி திமிங்கலம் முதல் அட்டவணை உயிரினம், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்றது, அனுமதி இல்லாமல் நகத்தளவு தோலைக்கூட எடுக்கக் கூடாது. கரை ஒதுங்கினால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முதல் படி, மாதிரி எடுப்பது. உயிரோடு நீந்தும் திமிங்கலம் என்றால் குறுக்குவில்லில் உள்ளீடற்ற முனையுள்ள அம்பை எய்வார்கள். அது சுண்டுவிரல் நகம் அளவு தோலைக் கொத்திக்கொண்டு தெறித்து நீரில் மிதக்கும். துள்ளி விழும்போது உதிரும் தோலை வலையில் அள்ளினாலும் போதும். இறந்த உடல் என்றால் வெயில் படாத பக்கமாகப் பார்த்து எடுக்க வேண்டும், சூட்டில் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

இரண்டாவது, எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், அது டி.என்.ஏ.வைக் கெடுக்கும். தேதி, இடம், மாதிரி எண் மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், ஏனென்றால் பேனா மை எத்தனாலில் கரைந்துபோகும், அப்புறம் அது எந்தத் திமிங்கலத்தின் தோல் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, ஆய்வகம். டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரு சில எழுத்துகள் (அதன் வேதி அலகுகள்) திரும்பத் திரும்ப வரும். இவற்றுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எத்தனை முறை திரும்புகிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறும், அதற்கேற்ப அந்தத் துண்டின் நீளமும் மாறும். ஓர் இடத்துக்கு இரண்டு நீள எண்கள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று: 142, 148 என்பது போல. பத்துப் பன்னிரண்டு இடங்களின் எண்களைச் சேர்த்தால் அதுதான் அந்தத் திமிங்கலத்தின் அடையாள அட்டை. ஆணா பெண்ணா என்பதும் இதே தோலில் தெரிந்துவிடும்.

நான்காவது, பொருத்திப் பார்ப்பது. ஒரே ஒரு மாதிரி எந்தப் பயணத்தையும் சொல்லாது, அதே எண்கள் வேறொரு குப்பியில் மறுபடி வரும்போதுதான் பயணம் தெரியும். வட அட்லாண்டிக்கில் கூன்முதுகுத் திமிங்கலங்களின் (ஹம்ப்பேக்) 3,060 தோல் மாதிரிகளை இப்படி ஒப்பிட்டு 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 10,000 கிலோமீட்டர் வரையிலான இடப்பெயர்வு அதில் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் எண் பொருந்தாவிட்டால் அவசரப்பட்டு வேறு விலங்கு என்று எழுதிவிடாதீர்கள், ஆய்வகப் பிழையாக இருக்கலாம், மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

சரி, மேய்ச்சல் இடத்தை அது மறக்காமல் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதே திமிங்கலம் வெவ்வேறு ஆண்டுகளில் அதே இரைக்கடலில் (இரை தேடும் கடற்பகுதியில்) எடுத்த மாதிரிகளில் சிக்குகிறதா என்று பாருங்கள். ஆனால் சிக்கவில்லை என்பதற்காக வரவில்லை என்று சொல்லக் கூடாது, நாம் அன்று அங்கே போகாமல் இருந்திருக்கலாம். கூடவே, தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் பாருங்கள். கூன்முதுகுக் குட்டி முதல் ஆண்டில் தாயோடு போய் இரைக்கடலைப் பழகிக்கொள்கிறது, வளர்ந்த பிறகும் அங்கேயே திரும்புகிறது. அதனால் இந்த டி.என்.ஏ.வின் தாய்வழி வகைகள் இரைக்கடலுக்கு இரைக்கடல் வேறுபடும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இது, தாய் காட்டிக்கொடுத்த வழி தோலில் பதிந்து கிடக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். அரபிக்கடல் கூன்முதுகுகள் மற்றவை போலத் துருவக் கடலுக்குப் போவதில்லை, எண்ணிக்கையும் மிகக் குறைவு. ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய லுபான் என்ற பெண் திமிங்கலம் 2017 கடைசியில் கடலைக் கடந்து இந்தியாவின் தென்முனைப் பக்கம் வரை வந்தது. ஆகவே மன்னார் வளைகுடாவில் கூன்முதுகின் தோல் கிடைத்தால், முதலில் ஒப்பிட வேண்டியது ஓமன் மாதிரிகளோடு.