சிமெண்டு மூட்டையை எந்தக் கிடங்கிலிருந்து அனுப்புவது? போக்குவரத்துக் கணக்கைக் கையால் தீர்க்கும் முறை

1930-ஆம் ஆண்டில் டால்ஸ்டாய் என்ற சோவியத் ஆய்வாளர் (நாவலாசிரியர் அல்லர், வேறொருவர்) உப்பு, சிமெண்டு போன்ற சரக்குகளை ரயிலில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு அனுப்பினால் மொத்தத் தொலைவு குறையும் என்று கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட ஒரு கணக்கில் சரக்குப் புறப்படும் இடங்கள் 10, சேரும் இடங்கள் 68. கணினி இல்லாத காலத்தில் அவர் கண்ட விடையைப் பிற்காலத்தில் கணினியில் சரிபார்த்தபோது, அதைவிடக் குறைந்த விடை இல்லை என்று உறுதியாயிற்று. அவர் பயன்படுத்திய சுற்று என்னும் கருத்தை ஒரு சிறிய கணக்கின் வழியாக இங்கே பார்ப்போம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

நம் கணக்கில் இரண்டு கிடங்குகள் உள்ளன. கிழக்குக் கிடங்கில் 50 மூட்டை சிமெண்டும் மேற்குக் கிடங்கில் 80 மூட்டையும் இருக்கின்றன. ஊர் 1-க்கு 30, ஊர் 2-க்கு 40, ஊர் 3-க்கு 60 மூட்டைகள் தேவை. மூட்டை ஒன்றுக்கு ஆகும் வண்டிக் கூலி, ரூபாயில்:

கிழக்கிலிருந்து: ஊர் 1-க்கு 10, ஊர் 2-க்கு 14, ஊர் 3-க்கு 12
மேற்கிலிருந்து: ஊர் 1-க்கு 12, ஊர் 2-க்கு 20, ஊர் 3-க்கு 24

முதல் படியாக, இருப்பும் தேவையும் சமமா என்று பாருங்கள். இங்கே இரண்டும் 130. இருப்பு அதிகமாக இருந்தால், கூலி பூஜ்யமாக உள்ள ஒரு கற்பனை ஊரைச் சேர்த்து மிச்சத்தை அதன் கணக்கில் எழுதிவிடலாம்.

இரண்டாம் படி, ஏதாவது ஒரு திட்டத்தைப் போடுவது. பள்ளியில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு அட்டவணையின் இடது மேல் மூலையிலிருந்து நிரப்பத் தொடங்கும் வடமேற்கு மூலை விதி நினைவிருக்கலாம். நாம் மீச்சிறு செலவு முறையை எடுத்துக்கொள்வோம், அதாவது எங்கே கூலி மிகக் குறைவோ அங்கே முதலில் நிரப்புவோம். மிகக் குறைந்த கூலி கிழக்கிலிருந்து ஊர் 1-க்கு, 10 ரூபாய். எனவே அங்கே 30 மூட்டை. கிழக்கில் மீதமுள்ள 20 மூட்டையை, அடுத்த குறைந்த கூலியான 12 ரூபாயில், ஊர் 3-க்கு அனுப்புகிறோம். கிழக்கு காலியாகிவிட்டதால் மேற்கு ஊர் 2-க்கு 40, ஊர் 3-க்கு 40 அனுப்பியாக வேண்டும். மொத்தக் கூலி 300 + 240 + 800 + 960 = 2300 ரூபாய்.

பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் மலிவானதையே தேர்ந்ததால் விடையும் மலிவானதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் முதலில் மிச்சம்பிடித்த இரண்டு ரூபாய்க்காக, கடைசியில் வேறு வழியின்றி 24 ரூபாய்ப் பாதையில் 40 மூட்டை அனுப்ப நேர்ந்திருக்கிறது.

மூன்றாம் படிதான் இந்த முறையின் உயிர்நாடி, ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விலை வைக்கப் போகிறோம். விதி ஒன்றே: நம் திட்டத்தில் எந்தப் பாதையில் சரக்குப் போகிறதோ, அந்தப் பாதையில் ஊரின் விலை என்பது கிடங்கின் விலையுடன் கூலியைக் கூட்டியதற்குச் சமமாக இருக்க வேண்டும். கிழக்கின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த எண்ணில் தொடங்கினாலும் பாதகமில்லை, விலைகளுக்கு இடையேயுள்ள வித்தியாசமே முக்கியம். அப்படியானால் ஊர் 1-இன் விலை 110, ஊர் 3-இன் விலை 112. ஊர் 3-க்கு மேற்கிலிருந்தும் சரக்கு வருவதால் மேற்கின் விலை 112 − 24 = 88. அதிலிருந்து ஊர் 2-இன் விலை 88 + 20 = 108. (மொத்தம் 5 இடங்கள் இருப்பதால், சரக்குப் போகும் பாதைகள் 4 இருந்தால்தான் எல்லா விலையும் கிடைக்கும். குறைந்தால், பூஜ்யம் மூட்டை போவதாக ஒரு பாதையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; ஏற்கெனவே உள்ள பாதைகளோடு சேர்ந்து சுற்றாகாத பாதையாக அது இருக்க வேண்டும்.)

இப்போது பயன்படுத்தாத பாதைகளை ஒரு வியாபாரியின் கண்ணோடு பாருங்கள். மேற்கில் 88 ரூபாய்க்கு வாங்கி, 12 ரூபாய் கூலி கொடுத்து ஊர் 1-க்குக் கொண்டுபோனால் அடக்கம் 100. அங்கே விலை 110. மூட்டைக்குப் பத்து ரூபாய் லாபம் வருகிறது என்றால், திட்டத்தில் அந்த அளவுக்கு ஓட்டை இருக்கிறது என்று பொருள். கிழக்கிலிருந்து ஊர் 2-க்குப் போனால் அடக்கம் 114, விலையோ 108. அந்தப் பாதையில் ஒன்றும் இல்லை.

நான்காம் படியில் அந்த ஓட்டையை அடைக்கிறோம். மேற்கிலிருந்து ஊர் 1-க்கு ஒரு மூட்டை அனுப்பினால், கிழக்கிலிருந்து அங்கே போவதில் ஒன்று குறையும். அது ஊர் 3-க்குத் திரும்பும். அதனால் மேற்கிலிருந்து ஊர் 3-க்குப் போவதில் ஒன்று குறையும். இதுதான் சுற்று. செலவு 12 − 10 + 12 − 24, அதாவது பத்து ரூபாய் குறைகிறது. விலைகள் சொன்ன அதே பத்து. எத்தனை மூட்டையை இப்படித் திருப்பலாம்? குறைகின்ற இரண்டு பாதைகளில் 30-உம் 40-உம் இருப்பதால் 30 வரை. திருப்பிய பின் கிழக்கின் 50 மூட்டையும் ஊர் 3-க்குப் போகின்றன. மேற்கிலிருந்து ஊர் 1-க்கு 30, ஊர் 2-க்கு 40, ஊர் 3-க்கு 10. மொத்தம் 600 + 360 + 800 + 240 = 2000 ரூபாய்.

பிறகு மூன்றாம் படிக்குத் திரும்பி, விலைகளைப் புதிதாகப் போடுங்கள்: கிழக்கு 100, மேற்கு 88, ஊர் 1-இல் 100, ஊர் 2-இல் 108, ஊர் 3-இல் 112. கிழக்கிலிருந்து ஊர் 1-க்கு அடக்கம் 110, ஊர் 2-க்கு 114. இரண்டிலும் லாபம் இல்லை. எந்தப் பாதையிலும் லாபம் கிடைக்காதபோது, 2000-க்குக் குறைந்த திட்டம் இல்லை என்பது நிரூபணமாகிறது. எல்லாத் திட்டங்களையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

இதே அட்டவணையில் கிடங்குக்குப் பதிலாக ஆட்களையும், ஊருக்குப் பதிலாக வேலைகளையும் எழுதி, எல்லா அளவும் ஒன்று என்று வைத்தால் அது ஒதுக்கீட்டுக் கணக்காகிவிடும். அதற்கென ஹரால்டு கூன் 1955-இல் தந்த ஹங்கேரிய முறை இன்னும் சுருக்கமானது.

விடையைவிட விலைகளே பயனுள்ளவை என்பது என் எண்ணம். 1939-இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகை ஆலைகளின் கணக்கைத் தீர்த்த சோவியத் கணிதவியலாளர் கான்டரோவிச் இத்தகைய எண்களைக் கண்டறிந்தார். அவருக்கும் பொருளியலாளர் கூப்மன்ஸுக்கும் 1975-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் கணக்கில் கிழக்கின் விலை மேற்கைவிட 12 ரூபாய் அதிகம். அதாவது மேற்கில் இருக்கும் ஒரு மூட்டை கிழக்கில் இருந்திருந்தால் மொத்தச் செலவு 12 ரூபாய் குறைந்திருக்கும். எனவே இருப்பைக் கிழக்குக்கு மாற்ற மூட்டைக்கு 9 ரூபாய் கேட்டால் ஒப்புக்கொள்ளலாம், 13 கேட்டால் கூடாது. ஆனால் இது முதல் 10 மூட்டைக்கு மட்டுமே பொருந்தும். அதற்குள் ஊர் 3-இன் தேவை முழுவதையும் கிழக்கே நிறைவேற்றிவிடும். பதினோராவது மூட்டை ஊர் 2-க்குத்தான் போக வேண்டும், அங்கே மிச்சம் 20 − 14, அதாவது 6 ரூபாய்தான். அந்த நிலையில் 9 ரூபாய் கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.