முதல் வாரக் குரலை வைத்து முடிவு கட்டாதீர்கள்: குரல்நாண் கொழுப்பு ஊசியில் நடக்கும் தவறுகள்

தைராய்டு ஆபரேஷனோ நெஞ்சில் ஏதோ ஆபரேஷனோ முடிந்து வீட்டுக்கு வந்தவர் போனை எடுத்து "ஹலோ" என்கிறார், எதிர்முனையில் வெறும் காற்றுதான் கேட்கிறது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கேமரா விட்டுப் பார்த்த ஈ.என்.டி. டாக்டர், குரல்வளையில் ஒன்றையொன்று தொட்டுக் குரல் எழுப்பும் இரண்டு குரல்நாண்களில் ஒரு பக்கத்தது அசையவில்லை, உங்கள் வயிற்றுக் கொழுப்பையே கொஞ்சம் எடுத்து அதில் ஊசியாகப் போடலாம் என்கிறார். நல்ல சிகிச்சைதான். ஆனால் இதைப் பற்றிய தப்பான எண்ணங்களால் மனம் நொந்துபோகிறவர்கள் நிறைய.

முதலில், ஊசி போட்டால் குரல்நாண் மறுபடி அசையும் என்று நினைப்பது. அசையாது. இரட்டைக் கதவில் ஒரு கதவு பாதி திறந்தபடி சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பழுது பார்க்கவில்லை, கொழுப்பை வைத்து நடுப்பக்கமாகத் தள்ளிவைக்கிறார்கள், நல்லபடியாக இருக்கும் மற்றக் கதவு வந்து அதைத் தொட்டால் காற்று ஒழுகாது, குரல் வரும், இருமலுக்கும் பலம் வரும். அவ்வளவுதான். (இதைக் குரல்நாண் வாதம் என்பார்கள், வாதம் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கவாதம் வந்துவிட்டதாகப் பயப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கழுத்திலோ மார்பிலோ ஒரு நரம்பு அடிபட்டிருக்கிறது.)

அந்த நரம்பு ஏன் அடிபட்டது என்று தெரியாமலே ஊசிக்கு நாள் குறிப்பதுதான் என் கணக்கில் ஆகப் பெரிய தவறு. ஆபரேஷனுக்கு மறுநாளே குரல் போனது என்றால் காரணம் கண்முன்னே இருக்கிறது, சரி. ஒன்றுமே நடக்காமல் குரல் கம்மிப்போனால்? இடது பக்க நரம்பு கழுத்தோடு நின்றுவிடுவதில்லை, மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. வழியில் நுரையீரல் கட்டியோ வீங்கிய நிணநீர் முடிச்சோ அதை அழுத்தினாலும் முதலில் தெரிவது குரலில்தான். அதனால்தான் மண்டையோட்டின் அடிப்பாகத்திலிருந்து மார்பு வரை சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். தொண்டைக்கு எதற்கு மார்பில் ஸ்கேன் என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

அடுத்தது அவசரம். நரம்பு அறுபடாமல் நசுங்கியோ இழுபட்டோ மட்டும் இருந்தால் அதுவாகவே தேறிவிட வாய்ப்புண்டு, அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். கொழுப்பு நீண்ட நாள் தங்குகிற பொருள் என்பதால் தேறுமா தேறாதா என்று தெரிவதற்குள் அதைப் போட்டுக்கொள்ள அவசரப்பட வேண்டியதில்லை. இதைக் கேட்டுவிட்டு, சரி, ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போம் என்று உட்கார்ந்துவிடுவது அதைவிட மோசம். குடிக்கிற தண்ணீர் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தால் நிமோனியா வரலாம். சில மாதங்களில் தானாகக் கரைந்துவிடும் ஜெல் ஊசிகள் இருக்கின்றன, இடைக்காலத்துக்கு அவற்றைப் போட்டுச் சமாளிக்கலாம். செயலிழந்த பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்குவது போன்ற சின்ன உத்திகளைப் பேச்சுப் பயிற்சியாளர் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லித்தருவார். அவரிடம் போகாமலே விடுவதும் ஒரு தவறுதான்.

அப்புறம், "என் உடம்புக் கொழுப்புதானே, என்ன ஆகிவிடும்" என்ற தைரியம். உடம்பு அதை அந்நியப் பொருளாக எதிர்க்காது என்பது உண்மை. 1911-ல் பாரஃபின் மெழுகை வைத்துத் தொடங்கிய வைத்தியம் இது. 1960-களில் டெஃப்லான் பசை வந்தது, பிற்பாடு அது பலருக்கு உள்ளேயே கட்டி கட்டித் தொல்லை கொடுத்தது. கொழுப்பை இதற்குப் பயன்படுத்தியது பற்றிய கட்டுரை 1991-ல்தான் வந்தது. ஆனாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தான். வழக்கமாக முழு மயக்கம் கொடுப்பார்கள், வயிற்றில் கொழுப்பு எடுத்த இடம் கன்றிப்போய் வலிக்கும். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ மூச்சு முட்டினாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு குரல்நாண்களும் நடுவில் அசையாமல் நிற்கிறவர்களுக்கோ இந்த ஊசி சரிப்படாது. அவர்கள் பிரச்சினை காற்று ஒழுகுவதல்ல, மூச்சு வழி குறுகியிருப்பது. அங்கே போய் இன்னும் அடைக்கக் கூடாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். போட்ட கொழுப்பில் ஒரு பங்கை உடம்பு கரைத்துக்கொள்ளும், எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் டாக்டர் வேண்டுமென்றே தேவைக்கு மேல் நிரப்புகிறார். குரல்நாண் உப்பிப்போய் முதல் சில நாட்கள் குரல் இறுகி, கரகரத்து, முன்பைவிட மோசமாகக்கூடக் கேட்கும். "கெடுத்துவிட்டார்கள்" என்று அழுகிறவர்கள் இந்த வாரத்தில்தான் அழுகிறார்கள். வீக்கம் வடிந்ததும் குரல் தெளிகிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு கொழுப்பு கரையக் கரைய சிலருக்குக் கொஞ்சம் காற்று திரும்புகிறது, உடனே "எல்லாம் போச்சு" என்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. குரல் ஒரு நிலைக்கு வந்து நிற்கச் சில மாதங்கள் பிடிக்கும்.

காதை நம்புவதைவிட போனை நம்பலாம். ஊசிக்கு முன்பே ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்துவையுங்கள். மூச்சை நன்றாக இழுத்து "ஆ" என்று எத்தனை விநாடி பிடிக்க முடிகிறது என்றும் பாருங்கள். நல்ல குரல் உள்ள பெரியவர்கள் பதினைந்து விநாடிக்கு மேலும் இழுப்பார்கள், குரல்நாண் மூடாதவருக்கு நாலைந்திலேயே முடிந்துவிடலாம். ஊசிக்குப் பின் டாக்டர் பேச அனுமதித்த பிறகு மாதம் ஒருமுறை அதே பத்தி, அதே தூரத்தில் போன், அதே "ஆ". டாக்டரிடம் "பரவாயில்லை மாதிரி இருக்கு" என்பதற்குப் பதில் ஆறு விநாடி பன்னிரண்டு ஆனதைக் காட்டலாம்.

நிலைக்கு வந்த பிறகும் காற்று ஒழுகினால் மறுபடி கொழுப்பே போடச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம். இடைவெளி பெரிதாகவோ பின்பக்கமாகவோ இருந்தால் எத்தனை முறை நிரப்பினாலும் அது சரியாக மூடாது. கழுத்தில் சின்னதாகக் கீறி, குரல்வளைக் குருத்தெலும்பு வழியாக ஒரு துண்டை வைத்துத் தள்ளும் தைரோபிளாஸ்டி இருக்கிறது. பெரும்பாலும் நோயாளியை விழித்திருக்கவைத்துப் பேசச் சொல்லியே அளவு பார்த்து வைப்பார்கள். உங்கள் இடைவெளிக்கு எது பொருந்தும் என்று கேமரா படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.