மஞ்சளைத் தண்ணீரில் நிறுத்துவது எப்படி?

ராமேஸ்வரத்துக்கு அருகே, கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு மீன் குழம்பை இறக்கியதும் மேலே மிதக்கும் நல்லெண்ணெயைப் பாருங்கள். மஞ்சளின் நிறம் அங்கேதான் ஏறியிருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும். கரையாத மருந்தைக் கொழுப்பு நானோ துகளில் ஏற்றுவதும் இதே சங்கதிதான். பார்மசி மாணவர்களுக்கு நான் கற்றுத்தரும் ஆய்வகப் பயிற்சி இது. குடித்துப் பார்க்க அல்ல.

100 மில்லிக்கு, திடக் கொழுப்பான கிளிசரில் மோனோஸ்டியரேட் 2.1 கிராம், எண்ணெயான ஒலீயிக் அமிலம் 0.9 கிராம், குர்குமின் 60 மில்லிகிராம், கொழுப்பையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் ‘பாலிசார்பேட் 80’ இரண்டு கிராம். திடக் கொழுப்பு மட்டும் போதாதா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். போதாது. நாளாக ஆக அது ஒழுங்காகப் படிகமாகி, உள்ளே இருக்கும் மருந்தை வெளியே தள்ளிவிடும். எண்ணெய் கலந்தால் அடுக்கு கலைந்துபோகும்; அந்தச் சந்துகளில் மருந்து தங்கும்.

இரண்டு கொழுப்பையும் 75 டிகிரியில் உருக்கி, குர்குமினைத் தெளியும் வரை கலக்குங்கள். தூள் மிதந்தால் அளவைக் குறையுங்கள். பாலிசார்பேட் கரைத்த நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ஆறிய நீரை ஊற்றினால் கொழுப்பு கட்டிதட்டும். இரண்டையும் சேர்த்து வேகக் கலக்கியில் 5 நிமிடம். பிறகு வெந்நீரில் வைத்தபடியே, புரோப் சோனிகேட்டரில் (முனையை உள்ளே விட்டு மீயொலியால் துகளை உடைக்கும் கருவி) 5 விநாடி ஓட்டம், 5 விநாடி ஓய்வு என்று 10 நிமிடம். கடைசியாக ஐஸில் வைத்துக் கிளறி ஆறவிடுங்கள். நாங்கள் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸையே வாங்குகிறோம். அது பாத்திரத்துக்கு வெளியே மட்டும்.

இந்தக் கரையில் காரியத்தைக் கெடுப்பது தண்ணீர். ஒருமுறை வாலை வடிநீர் தீர்ந்துவிட, மாணவர் ஒருவர் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிவிட்டார். மறுநாள் காலை திரிந்த பால்! நம் ஊர் நீரில் சோப்பு நுரைக்காமல் திரிவதும் இதனால்தான்: கால்சியமும் மக்னீசியமும் ஒலீயிக் போன்ற கொழுப்பு அமிலங்களைப் பிடித்துக்கொள்கின்றன. நீர் காரமாக இருந்தால் குர்குமின் நிறம் மாறும், சிதையவும் செய்யும்; மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த ஆரத்தித் தட்டின் சிவப்பு நினைவிருக்கிறதல்லவா?

துகளின் சராசரி அளவு 200 நானோமீட்டருக்குள்ளும், பரவல் எண் (துகள்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டுவது) 0.3-க்குக் கீழும் இருந்தால் எனக்குத் திருப்தி. சோனிகேட்டர் முனையிலிருந்து உதிரும் டைட்டானியம் பொடியை, மையவிலக்குக் கருவியில் மெதுவாகச் சுழற்றி அடியில் படியவிட்டு நீக்குங்கள். பழுப்புப் புட்டியில் அடைத்து 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை புட்டியின் அடியைப் பாருங்கள். மஞ்சள் தூள் படிந்திருந்தால் மருந்து வெளியேறத் தொடங்கிவிட்டது. அடுத்த முறை ஒலீயிக் அமிலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.