சீலன்ட் பூசிய காரில் கோடுகள் தங்கினால் நீக்குவது எப்படி?

பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து வந்து நிற்கும் காரின் கண்ணாடியில் விரலை இழுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் மட்டுமல்லாமல் கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோரம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்ததே. அந்த உப்பு பெயிண்டில் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், தண்ணீர் ஊற்றியதும் வழிந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் சீலன்ட் என்னும் பாதுகாப்புப் பூச்சைப் பெயிண்டின் மேல் பூசுகிறோம். பூசிய மறுநாள் வெயிலில் பார்க்கும்போது, கை போன போக்கிலெல்லாம் பானெட்டில் வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தால் மனம் ஒடிந்துபோகிறது. கறுப்பு, கருநீல நிறக் கார்களில் அவை பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரில் இருந்தாலும் எளிதில் கண்ணில் படாது. இவற்றில் பெரும்பாலானவை நீங்கக்கூடியவை. அவசரப்பட்டு அழுத்தித் தேய்ப்பதால்தான் பெயிண்டுக்கு நிலையான கேடு வருகிறது.

எனவே முதலில் அது என்ன கோடு என்று பாருங்கள். காரை நிழலில் நிறுத்தி, பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, கைபேசியின் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை மெதுவாகத் துடைத்ததும் கோடு மங்கினாலோ இடம் மாறினாலோ, அது மேலே தங்கிவிட்ட சீலன்ட். வெள்ளை விளிம்போடு வட்டமாக இருந்து, துடைத்தாலும் அசையாவிட்டால் அது போர் தண்ணீர் காய்ந்த உப்புக்கறை. வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் சீலன்டை மறுபடி பூச வேண்டியிருக்கலாம். டார்ச் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்திவலை போலத் தெரிபவை பெயிண்டில் விழுந்த கீறல்கள். அவற்றுக்குப் பாலிஷ்தான் வழி.

சீலன்ட் கோடாகத் தங்குவதற்கு முதல் காரணம் அளவுக்கு மீறிப் பூசுவது. பெயிண்டோடு பிடித்துக்கொள்ளும் மிக மெல்லிய படலம் மட்டுமே பாதுகாப்புத் தருகிறது. அதற்கு மேல் இருப்பதெல்லாம் துடைத்து எடுக்க வேண்டிய மிச்சம். நம் கரையில் இதனோடு பனியும் சேர்ந்துகொள்கிறது. மண்டபத்தில் நான் முதன்முதலாகப் பூசியபோது, வெயில் தாழ்ந்த பிறகு தாராளமாகவே பூசித் துடைத்துவிட்டுக் காரைத் திறந்த வாசலில் நிறுத்தியிருந்தேன். இறுகாத பூச்சின் மேல் இரவெல்லாம் உப்புப் பனி இறங்கி, விடிந்ததும் பானெட் முழுவதும் தென்னங்கீற்றை விரித்து வைத்தது போல் இருந்தது. காய்ந்த துணியால் அரை மணி நேரம் தேய்த்தும் கோடுகள் இடம் மாறினவே தவிர நீங்கவில்லை. துணியில் ஒட்டியிருந்த மணலால் புதிய கீறல்கள் விழுந்ததுதான் மிச்சம்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில் உப்பும் மணலும் போகும்படி கார் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். இதற்குப் போர் தண்ணீரை விடக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் நல்லது. ஒரு வாளி போதும். ஈரம் முழுவதையும் ஒற்றி எடுத்தபின், முன்பு பூசிய அதே சீலன்டில் சில துளிகளைத் துணியில் விட்டு, இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவுள்ள இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். புதிய பூச்சில் உள்ள கரைப்பான் பழைய மிச்சத்தை இளக்கிவிடும். அது காயும் முன்பே வேறொரு துணியால் துடைத்து, துணியின் புதிய பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை லேசாகத் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் பிசுபிசுத்ததும் மாற்றிவிடுங்கள். தெளிக்கும் வகைச் சீலன்டாக இருந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியே பல நேரங்களில் போதுமானது.

அதற்கும் அசையாவிட்டால், மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கோடு பேட்டரிக்கு ஊற்றும் சுத்தநீர் மூன்று பங்கு கலந்து, துணியில் தெளித்துத் துடைக்கலாம். இது கோட்டோடு சேர்த்து நல்ல சீலன்டையும் எடுத்துவிடும் என்பதால் அந்தப் பகுதிக்கு மறுபடி பூச வேண்டும். அண்மையில் பெயிண்ட் அடித்த பாகத்தில் இதைப் பயன்படுத்தாதீர்கள். அடுப்பு, பீடி நெருப்பு அருகில் இருக்கவும் கூடாது. செராமிக் கோட்டிங் செய்த கார் என்றால் கதை வேறு. அது இறுகிய பிறகு மேற்கண்ட எதற்கும் அசையாது; பாலிஷ் மெஷினில் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

மறுபடி பூசுவதற்கு ஏற்ற நேரம், காலைப் பனி உலர்ந்த பின்பு தகரம் சூடேறுவதற்கு முன்பு கிடைக்கும் இடைவெளி. ஆடிக் காற்றில் மணல் பறக்கும் நாள்களில் வெளியில் வைத்துப் பூசவே வேண்டாம். டப்பாவில் வேறு அளவு குறிப்பிடப்படாவிட்டால், 24 மணி நேரம் தண்ணீரும் பனியும் படாமல் கூரையின் கீழ் நிறுத்துங்கள். துடைத்த துணிகளை, வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் திரவம் சேர்க்காமல் தனியாக அலசி, கடற்காற்று அடிக்கும் கொடியில் போடாமல் வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, மூடிய டப்பாவில் வையுங்கள்.