ஐபேடில் மூழ்கும் தீவு: ‘ஃபார்பிடன் ஐலண்ட்’ முதல்முறை ஆடுபவர்களுக்கு

“இது ஏமாத்துது சித்தி” என்றான் அக்கா மகன். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. தீவில் 24 இடங்கள். அப்படியிருந்தும், ஏற்கெனவே நீர் புகுந்த இடத்தையே ஐபேட் திரும்பத் திரும்பத் தேடிப்பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது. பாதித் தீவு காய்ந்து கிடக்க, நாங்கள் நின்ற மூலை மட்டும் கரைந்துகொண்டே போனது.

ஆப் மேல் தப்பில்லை. பெட்டியில் வரும் அட்டைகளை வைத்து ஆடினால் நம் கையால் செய்ய வேண்டிய ஒரு வேலையை, ஆப் கண்மூடித் திறப்பதற்குள் செய்து முடித்துவிடுகிறது. நாம் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால்தான் இந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியும். கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன ஆட்டம்?

ஃபார்பிடன் ஐலண்டை உருவாக்கியவர் மேட் லீகாக் என்ற அமெரிக்கர். 2008இல் ‘பேண்டெமிக்’ விளையாட்டைக் கொண்டுவந்தவரும் இவர்தான். 2010இல் கேம்ரைட் நிறுவனம் இதைப் பெட்டியில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பிறகு ஐபேடுக்கும் வந்தது. உங்கள் டேப்லெட்டில் ஆப் கிடைக்காவிட்டால் பெட்டியை வாங்கி ஆடுங்கள், விதிகள் ஒன்றேதான்.

தாயத்தில் அடுத்தவர் காயை வெட்டினால்தான் நமக்கு வழி. இங்கே வெட்ட ஆளே இல்லை. இரண்டு பேர் முதல் நான்கு பேர் வரை ஒரே அணி. எதிரி தண்ணீர்தான். தீவு முழுதாக மூழ்குவதற்குள் நான்கு புதையல்களையும் எடுத்துக்கொண்டு, எல்லோரும் ஹெலிகாப்டரில் ஏறித் தப்பிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்தோம், தோற்றால் எல்லோரும் தோற்றோம்.

படி 1: டேப்லெட்டைக் கீழே வையுங்கள்

சிரிக்காதீர்கள், இதுதான் முக்கியமான படி. ஐபேடை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டால் ஆட்டம் அவருடையதாகிவிடும். மற்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் தங்கள் போனை எடுத்துவிடுவார்கள். பாயிலோ மேசையிலோ நடுவில் மல்லாக்க வையுங்கள். திரை சுழலாதபடி பூட்டுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் தீவு கவிழும். வாட்சப் அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய முறையோ அவர் விரல் மட்டும்தான் திரையைத் தொட வேண்டும். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், தொடக்கூடாது. அம்மாவுக்குத் தொடுதிரை அவ்வளவு பழக்கமில்லை, மெதுவாகத்தான் தட்டுவார். அவர் தட்டி முடிக்கும்வரை காத்திருப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

படி 2: திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நடுவில் நான்குக்கு நான்கு சதுரம், அதன் நான்கு பக்கமும் இரண்டிரண்டு கட்டங்கள் துருத்திக்கொண்டிருக்கும். மொத்தம் 24. ஒவ்வொரு ஆட்டத்திலும் இவை இடம் மாறிவரும். ஆட்டம் தொடங்கும்போதே ஆறு கட்டங்களில் நீர் புகுந்திருக்கும்.

ஒரு கட்டத்துக்கு இரண்டு உயிர். முதல்முறை வெள்ளச் சீட்டில் (படி 6) அதன் பெயர் வந்தால் நீர் புகும், ஆனாலும் அதில் நிற்கலாம், நடக்கலாம். நீரை வெளியேற்றிச் சரிசெய்யாமல் விட்டு இரண்டாம் முறையும் வந்தால் மூழ்கிவிடும். போனது போனதுதான்.

தேட வேண்டிய கட்டங்கள் ஒன்பது. ஃபூல்ஸ் லேண்டிங் என்பது ஹெலிகாப்டர் இறங்கும் இடம், அதை எப்போதும் கண்ணில் வைத்திருங்கள். மற்ற எட்டும் புதையல் கிடைக்கும் இடங்கள், புதையலுக்கு இரண்டு வீதம். எர்த் ஸ்டோன் கல்லுக்குச் சூரியக் கோயில், சந்திரக் கோயில். காற்றுச் சிலைக்கு இரண்டு தோட்டங்கள். நெருப்புப் படிகத்துக்கு இரண்டு குகைகள். கடல் கிண்ணத்துக்கு இரண்டு அரண்மனைகள். கோயில், தோட்டம், குகை, அரண்மனை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதல் முறை தொடங்கும் முன் ஒரு நிமிடம் எடுத்து, இந்த ஒன்பதையும் விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லிப் பாருங்கள்.

நிலை கேட்டால் ‘நாவிஸ்’ (புதியவர் நிலை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெட்கம் வேண்டாம், அதிலேயே தோற்பீர்கள்.

படி 3: உங்கள் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆறு வகை ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வித்தை. பைலட் தன் முறையில் ஒருதரம் தீவின் எந்தக் கட்டத்துக்கும் பறப்பார். இன்ஜினியர் ஒரே செயலில் இரண்டு கட்டங்களைச் சரிசெய்வார். எக்ஸ்ப்ளோரருக்குக் குறுக்கே (மூலைவிட்டமாக) போகவும் குறுக்கே இருப்பதைச் சரிசெய்யவும் தெரியும். டைவர் நீர் புகுந்த கட்டங்களையும், மூழ்கிப்போன வெற்றிடங்களையும் நீந்திக் கடப்பார். மெசஞ்சர் எங்கிருந்தாலும் யாருக்கும் சீட்டுக் கொடுக்கலாம். நேவிகேட்டர் தன் ஒரு செயலைச் செலவழித்து இன்னொருவரை இரண்டு கட்டம் நகர்த்துவார்.

என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இன்ஜினியர் வருவதைவிட அதிர்ஷ்டம் வேறில்லை. நேவிகேட்டரின் அருமை நாலைந்து ஆட்டம் கழித்துத்தான் புரியும்.

படி 4: மூன்று செயல்கள்

உங்கள் முறை வந்தால் மூன்று செயல்கள் வரை செய்யலாம். அவை நான்கு வகை: பக்கத்துக் கட்டத்துக்கு நகர்வது, நிற்கும் கட்டத்தையோ பக்கத்துக் கட்டத்தையோ சரிசெய்வது, ஒரே கட்டத்தில் நிற்பவருக்கு ஒரு புதையல் சீட்டைக் கொடுப்பது, ஒரே புதையலின் நான்கு சீட்டுகள் கையில் இருந்து, அதற்குரிய கட்டத்தில் நின்றால் அந்தப் புதையலை எடுப்பது. பக்கம் என்றால் மேல், கீழ், இடம், வலம் மட்டும்.

படி 5: இரண்டு புதையல் சீட்டுகள்

செயல்கள் முடிந்ததும் இரண்டு சீட்டுகள் கைக்கு வரும். இந்தக் கட்டில் 28 சீட்டுகள். நான்கு புதையல்களுக்கும் ஐந்தைந்து, ஹெலிகாப்டர் மூன்று, மணல்மூட்டை இரண்டு, அப்புறம் ‘வாட்டர்ஸ் ரைஸ்’ என்ற நீர்மட்டம் ஏற்றும் சீட்டு மூன்று.

கையில் ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். ஒரு புதையலுக்கு இருப்பதே ஐந்து சீட்டுகள், வேண்டியது நான்கு. ஒரே புதையலில் இரண்டைக் கழித்துப் போட்டுவிட்டால், கட்டு முழுதும் தீர்ந்து மறுபடி கலைக்கும்வரை அந்தப் புதையலை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் கை நிரம்புவதற்கு முன்பே, ‘நான் குகை சேர்க்கிறேன், நீ கோயில் சேர்’ என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய சீட்டும் எல்லோருக்கும் தெரியலாம், ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை.

ஹெலிகாப்டரையும் மணல்மூட்டையையும் யார் முறையிலும் போடலாம், செயல் கணக்கில் சேராது. மணல்மூட்டை தீவில் எங்கே நீர் புகுந்திருந்தாலும் சரிசெய்யும். ஹெலிகாப்டர் ஒரே கட்டத்தில் நிற்பவர்களை வேறெந்தக் கட்டத்துக்கும் தூக்கிப்போகும்.

படி 6: வெள்ளம் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

கடைசியாக வெள்ளக் கட்டிலிருந்து சீட்டுகள் திறக்கும். 24 கட்டங்களுக்கும் தலா ஒரு சீட்டு. எத்தனை திறக்கும் என்பதை ஓரத்தில் உள்ள நீர்மட்ட அளவுகோல் சொல்லும். நாவிஸில் இரண்டில் தொடங்கி, மட்டம் ஏற ஏற மூன்று, நான்கு, ஐந்து என்று கூடும். உச்சியில் மண்டையோடு, அங்கே போனால் ஆட்டம் முடிந்தது.

திறந்த சீட்டுகள் ஓரமாகக் கழிவில் சேரும். அதுவரை பிரச்சினை இல்லை, ஒருமுறை வந்த கட்டம் உடனே திரும்ப வராது. ஆனால் புதையல் கட்டிலிருந்து வாட்டர்ஸ் ரைஸ் வந்துவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். நீர்மட்டம் ஒரு கோடு ஏறும். பிறகு, கழிவில் உள்ள வெள்ளச் சீட்டுகளை மட்டும் கலைத்து, கட்டின் மேலே வைப்பார்கள். அடியில் அல்ல.

அக்கா மகனை ‘ஏமாத்துது’ என்று சொல்லவைத்தது இதுதான். ஏற்கெனவே நனைந்த கட்டங்களின் சீட்டுகள்தான் இப்போது கட்டின் உச்சியில். அடுத்து திறப்பது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பெட்டியில் ஆடினால் நாமே கழிவை எடுத்துக் கலைத்து மேலே வைப்போம், வயிறு அப்போதே கலங்கிவிடும். ஆப்பில் அது ஒரு நொடி அசைவு.

கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்று பேர் ஆடுகிறீர்கள். தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு போக, புதையல் கட்டில் மீதி 22. அதில் வாட்டர்ஸ் ரைஸ் மூன்றும் இருக்கின்றன. முதல் முறையிலேயே அதில் ஒன்றாவது வர வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. வந்தால், தொடக்கத்தில் நனைந்த அதே ஆறு சீட்டுகள் மேலே ஏறும், அவற்றில் இரண்டு உடனே திறக்கும். அந்த இரண்டும் சரிசெய்யாத கட்டங்கள் என்றால், முதல் ஆள் ஆடி முடிப்பதற்குள் தீவில் இரண்டு ஓட்டை.

இதைக் கவனிக்க நான் கண்டுபிடித்த வழி புளியங்கொட்டை. ஐபேடுக்குப் பக்கத்தில் மூன்று கொட்டைகளை வைக்கிறேன். வாட்டர்ஸ் ரைஸ் ஒன்று வந்தால் ஒரு கொட்டையை எடுத்துவிடுவேன். புதையல் கட்டு தீர்ந்து மறுபடி கலைத்தால் மூன்றையும் திரும்ப வைப்பேன். முறைக்கு இரண்டு சீட்டு என்பதால், மூன்று பேர் ஆட்டத்தில் முதல் கட்டு 11 முறையில் தீரும். எட்டு முறை ஆகியும் மூன்று கொட்டையும் அப்படியே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கட்டில் மீதி ஆறு சீட்டு, அதில் பாதி வாட்டர்ஸ் ரைஸ். அடுத்த மூன்று முறைக்குள் மூன்றும் வந்தே தீரும். அப்போது புதையலை விட்டுவிட்டுச் சரிசெய்யும் வேலையைப் பாருங்கள்.

படி 7: எதைக் காப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஃபூல்ஸ் லேண்டிங் மூழ்கினால் தோல்வி, அதனால் அது முதலில். எடுக்காத புதையலின் இரண்டு கட்டங்களும் மூழ்கினாலும் தோல்வி, அதனால் ஜோடியில் ஒன்று போய்விட்டால் மற்றது இரண்டாவது. ஒருவர் நிற்கும் கட்டம் மூழ்கி, நீந்திப் போகப் பக்கத்தில் கட்டமே இல்லை என்றாலும் தோல்விதான், எனவே தனியாக மூலையில் நிற்காதீர்கள்.

எடுத்து முடித்த புதையலின் கட்டங்களை, வழிக்குத் தேவையில்லை என்றால், தாராளமாக மூழ்க விடுங்கள். மூழ்கிய கட்டத்தின் வெள்ளச் சீட்டும் ஆட்டத்தை விட்டே போய்விடும். பாதகமும் இதில்தான் இருக்கிறது. கட்டு சிறிதாகச் சிறிதாக, மீதமுள்ள இடங்களின் பெயர் அடிக்கடி வரும்.

இனி எங்கள் கதை. முதல்முறை கடைசிவரை வந்த ஆட்டம் அது. மூன்று புதையல் கையில். நாலாவதான கடல் கிண்ணத்துக்கு வேண்டிய நான்கு சீட்டும் என்னிடம் சேர்ந்துவிட்டன. அரண்மனை இரண்டு கட்டம் தள்ளி. ஃபூல்ஸ் லேண்டிங்கில் நீர் புகுந்திருந்தது, அது எனக்குப் பக்கத்துக் கட்டம். கையில் ஒரே ஒரு செயல் பாக்கி. ‘அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்ளலாம்’ என்று அரண்மனைப் பக்கம் ஒரு அடி வைத்தேன். சீட்டு எடுத்தேன், வாட்டர்ஸ் ரைஸ். வெள்ளச் சீட்டு நான்கு திறக்க வேண்டும். மூன்றாவது ஃபூல்ஸ் லேண்டிங்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா சொன்னார்: “எங்கிட்ட மணல்மூட்டை ஒண்ணு இருந்துச்சே. யாருமே கேக்கலையேம்மா.”

ஐபேட் அன்றைக்கு என் மடியில் இருந்தது.

படி 8: கிளம்புவது

நான்கு புதையலும் கிடைத்ததும் ஆட்டம் முடிந்துவிடாது. எல்லோரும் ஃபூல்ஸ் லேண்டிங்குக்கு வந்து சேர வேண்டும், யாராவது ஒருவர் ஹெலிகாப்டர் சீட்டைப் போட வேண்டும். இருப்பதே மூன்று சீட்டுகள். கை நிரம்பியதென்று மூன்றையும் நடுவில் வீணாக்கிவிட்டு, கரையில் நின்று கட்டு கலையும்வரை காத்திருந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு. ஒன்றை யாராவது ஒருவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்கட்டும். கடைசிச் சுற்றில் புதையல் எடுப்பவர் தவிர மற்றவர்கள் முன்கூட்டியே இறங்குதளம் நோக்கி நகரத் தொடங்கிவிடுங்கள்.

நாவிஸில் இரண்டு மூன்று முறை தப்பித்தபின் ‘நார்மல்’ போகலாம். அளவுகோல் ஒரு கோடு மேலே தொடங்கும், அவ்வளவுதான். திறக்கும் சீட்டு அப்போதும் இரண்டுதான், ஆனால் ஒரு வாட்டர்ஸ் ரைஸ் ஏற்கெனவே வந்துவிட்ட மாதிரி. ‘எலீட்’டில் முதல் முறையிலிருந்தே மூன்று திறக்கும். நாங்கள் இப்போது நார்மலில் இருக்கிறோம். புளியங்கொட்டைப் பொறுப்பு அம்மாவிடம்.