ஏலதாரர் லைசென்ஸ் எங்கே வாங்குவது?

இந்தியா முழுவதற்கும் செல்லுபடியாகிற பொதுவான ஏலதாரர் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிமார் போனில் முதலில் கேட்பது லைசென்ஸைப் பற்றித்தான். இல்லை என்றதும், "அப்போ யாரு வேணும்னாலும் ஏலம் விடலாமாண்ணே?" என்று சந்தோஷப்படுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். என்ன பொருளை, யாருக்காக விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் மேடை ஏறினால், விற்றது செல்லாது என்று கோர்ட்டில் நிற்க வேண்டி வரும்.

முதலில், நிஜமாகவே லைசென்ஸ் வேண்டியவை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடத்த ஸ்பைசஸ் போர்டு உரிமம் கட்டாயம். குன்னூர் தேயிலை ஏலத்தில் ஏலம் நடத்தும் அமைப்புக்கும் புரோக்கருக்கும் 2003ஆம் ஆண்டு ஆணையின்படி டீ போர்டு உரிமம் வேண்டும். மூன்றாவதுதான் நம் பக்கத்து ஆட்கள் வசமாக மாட்டுவது: பழம்பொருள். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் பிரித்து, சாமான்களை மொத்தமாக ஏலம் விடக் கூப்பிடுவார்கள். அந்தக் குவியலில் நூறு வருடம் தாண்டிய சிலையோ ஓவியமோ இருந்தால் அது 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. ஓலைச்சுவடி மாதிரி கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருடமே போதும். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. யானைத் தந்தம் இழைத்த பெட்டி ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். எத்தனை தலைமுறைப் பழசானாலும் வனவிலங்குச் சட்டப்படி விற்பனை கிடையாது. இப்படிப்பட்ட வேலைக்குப் போனால் பட்டியல் போடும்போதே சந்தேகமான உருப்படிகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி என் சோற்றுக்கு வழியான அடகு நகை ஏலம். வட்டிக்கடைக்காரர் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம், 1943-இன் கீழ் தாசில்தாரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். நகையை மீட்க ஒரு வருடமும், அதற்கு மேல் 7 நாள் சலுகையும் உண்டு. கடைக்காரர் கூப்பிட்டால் உரிம நகலையும் அடகு ரசீதுப் புத்தகத்தையும் முதலில் வாங்கிப் பாருங்கள். உரிமம் இல்லாத கடைக்கு ஏலம் விடப் போவதில்லை என்பதில் நான் பிடிவாதக்காரன். தங்கக் கடன் கம்பெனிகள் வேறு ரகம். அவர்களே ஏலதாரர்களுக்கென்று ஒரு பேனல் (பட்டியல்) வைத்திருப்பார்கள். பான், ஜிஎஸ்டி பதிவு, முன்பு நடத்திய ஏலங்களின் விவரம் எல்லாம் கொடுத்து அதில் சேர வேண்டும். அவர்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகள் உண்டு. 2025 ஜூனில் வந்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். கம்பெனிதானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், அந்த விதிகளை நீங்களும் படியுங்கள்.

ஏலத்துக்கு முன்பு நான் அதிக நேரம் செலவழிப்பது நோட்டீஸில்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 176, அடகு வைத்தவருக்கு நியாயமான அவகாசத்துடன் தெரிவித்த பிறகே விற்கலாம் என்கிறது. 'நோட்டீஸ் தேவையில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்' எனக் கடன் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது உதவாது; உச்ச நீதிமன்றம் 2022-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அடகு நகை இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தபால் ரசீது, திரும்பி வந்த கவர், 'ஆள் இல்லை' என்று தபால்காரர் எழுதிய குறிப்பு எல்லாம் கோப்பில் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு கிளையில் சில பாக்கெட்டுகளுக்கு எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பிவிட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அவற்றை நீக்கினால்தான் ஆரம்பிப்பேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் மண்டல அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டு, கடைசியில் நீக்கினார். தங்கக் கடன் கம்பெனிகளுக்கான பத்திரிகை விளம்பரமும் அப்படித்தான்: குறைந்தது இரண்டு நாளிதழ், அதில் ஒன்று தமிழ், இன்னொன்று தேசிய நாளிதழ். நேரடி ஏலம் என்றால் முதல் ஏலம் கடன் கொடுத்த கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். அது தோற்றால்தான் பக்கத்து மாவட்டம்.

ஏலத்தன்று காலையில் பணத்தோடு ஓடி வருகிறவர்கள் எப்போதும் உண்டு. "லிஸ்ட் போட்டாச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று கவுன்டரில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்ல உரிமையில்லை. பிரிவு 177-படி, நகை உண்மையில் விற்கப்படும் நிமிடம் வரை மீட்கலாம். தவணை தவறியதால் ஏற்பட்ட செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். வரிசையில் இன்னும் விற்காத பாக்கெட் என்றால் நானே நிறுத்தி எடுத்துக் கொடுக்கச் சொல்வேன்.

அடுத்தது விலை. ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி, ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே விற்கக் கூடாத விலை, நகையின் இன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் தோற்ற பிறகுதான் 85 சதவீதம். மதிப்பு என்பது தங்கத்துக்கு மட்டும். கல், அரக்கு எடை கழித்து, டச் (தங்கத்தின் தூய்மை) பார்த்து, அந்தத் தரத்துக்குரிய விலையில் போட வேண்டும். கணக்குக்குச் சுலபமாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். கழிவு போக 16 கிராம் உள்ள 22 காரட் சங்கிலியின் மதிப்பு 1,60,000, ரிசர்வ் 1,44,000. அது 1,50,000-க்குப் போய், அசலும் வட்டியும் செலவும் சேர்ந்து 1,25,000 என்றால், மீதி 25,000 நகையை அடகு வைத்தவருடைய பணம். ஏலப் பணம் முழுதும் வந்த நாளிலிருந்து 7 வேலை நாளுக்குள் கம்பெனி அதைத் திருப்ப வேண்டும். எடைத் தராசில் எடையளவுத் துறை முத்திரை நடப்பு வருடத்துடையதா என்பதையும் பாருங்கள். ஏலம் கேட்க வரும் மதுரை தெற்காவணி மூல வீதி நகை வியாபாரிகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மேடையில் உங்களை ஆள்வது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64. ஒரே பிரிவுதான், மனப்பாடம் செய்துவிடலாம். சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கும்போது விற்பனை முடிகிறது என்கிறது அது. நம் ஊரில் சுத்தியல் ஏது? "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" அதுதான் நம் வழக்கமான முறை. மூன்றாவது தரம் சொல்லும் வரை கேட்டவர் தன் கேள்வியை, அதாவது கேட்ட விலையை, திரும்பப் பெறலாம். சொல்லி முடித்த பிறகு அவரும் மாற முடியாது, நீங்களும் மாற முடியாது. பின்வரிசையில் ஒருவர் தாமதமாக விழித்துக்கொண்டு, "ஐந்நூறு சேர்த்துப் போடுங்கண்ணே!" என்று கத்துவார். மேனேஜரும் கண்ணைக் காட்டுவார். மறுபடி திறக்காதீர்கள், உருப்படி முதலில் எடுத்தவருக்குப் போய்விட்டது. நிர்வாகத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது போன்ற நிபந்தனை ஏதாவது இருந்தால், ஆரம்பத்திலேயே எல்லோர் காதிலும் விழும்படி படித்துவிட வேண்டும். டேவணித் தொகை (முன்பணம்) எவ்வளவு, மீதியை எந்தத் தேதிக்குள் கட்டுவது என்பதும் அப்போதே.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. விற்பவர் தானும் கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல் ஆள் வைத்துக் கேட்கக் கூடாது. தெரிந்தே அந்தக் கேள்வியை நீங்கள் ஏற்பதும் சட்டத்துக்குப் புறம்பு. எடுத்தவர் அதை மோசடி என்று தள்ளிவிடலாம். தங்கக் கடன் ஏலத்தில் இதற்கும் இடமில்லை: கம்பெனியும் அதன் தொடர்புடையவர்களும் ஏலத்தில் கலந்துகொள்ளவே கூடாது. நீங்களும் சரி, மச்சான் பேரிலும் சரி, எடுக்காதீர்கள். முகவர் முதலாளிக்குத் தெரியாமல் தன் கணக்கில் வாங்கினால் முதலாளி அதை ரத்து செய்யலாம் என்று ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது.

வியாபாரிகள் டீக்கடையில் முன்னமே பேசி, ஆளுக்கு இத்தனை பாக்கெட் என்று பிரித்துக்கொண்டு வருவதும் நடக்கும். போட்டிச் சட்டம் 2002-இன்படி அது கூட்டுக் கேள்வி, தடை செய்யப்பட்டது. மேடையிலிருந்து அதை நிரூபிப்பது கஷ்டம். ஆனால் ரிசர்வ் விலைக்கு மேல் யாருமே நகராவிட்டால் விற்காமல் நிறுத்தும் அதிகாரத்தை நிபந்தனையில் எழுதி வாங்கி வைத்திருந்தால் கையில் ஆயுதம் இருக்கும்.

வீடு, நிலம் பக்கம் போகாமல் இருப்பது உங்களுக்கு நல்லது. வங்கி சொத்து ஏலம், கடன் கட்டாதவர் அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி அதன் அதிகாரி நடத்துவது. இப்போது பெரும்பாலும் பேங்க்நெட் மாதிரி தளத்தில் ஆன்லைனிலேயே முடிகிறது. முதல் விற்பனைக்கு 30 நாள் நோட்டீஸ், எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்டுவது, மீதியை 15 நாளில் கட்டுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

கடைசியாகப் பணமும் பில்லும். ஒரே நபரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். ஒரே விற்பனையை இரண்டு ரசீதாக உடைத்தாலும் தப்ப முடியாது. என் வழக்கம் எளிது: எடுத்தவர் நேரே கம்பெனி வங்கிக் கணக்கில் போடட்டும், என் கையில் பணமே வேண்டாம். பில் யார் பேரில் என்பதும் முக்கியம். 2018 செப்டம்பரில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதை ஏலதாரரை வைத்தே விளக்குகிறது. வங்கிக்காக ஏலம் விட்டு, வங்கியே பொருளுக்குப் பில் போட்டால் உங்களுக்குக் கமிஷன் மீதான வரி மட்டும்தான். பில்லை உங்கள் பேரில் போட்டால் பொருளையே நீங்கள் விற்றதாகக் கணக்கு. பதிவும் கட்டாயம், முழு மதிப்புக்கும் வரி உங்கள் தலையில். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பொருளுக்கான பில் கம்பெனி பேரில், கமிஷன் பில் மட்டும் உங்கள் பேரில் என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.